சாலெசோவ் கோட்டையும் என் வாயும்

செக் நாட்டில் இருக்கும் எங்கள் சாலெசோவில் வரலாறு நிறைய உண்டு, ரயில் நிலையம்தான் கிடையாது. தண்டவாளம் போட வந்த பொறியாளர்களிடம், இரைச்சலில் குளத்துக் கெண்டை மீன்கள் இளைத்துவிடும் என்று சொல்லி எங்கள் முன்னோர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்டவாளம் பக்கத்து ஊரான போரெக் வழியாகப் போனது. போரெக் நகரமாகிவிட்டது, நாங்கள் சந்தை ஊராகவே நின்றுவிட்டோம். ஐம்பதுகளில் ஏதோ ஒரு அலுவலகம் அந்தப் பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டு எங்களை வெறும் கிராமம் என்று எழுதி வைத்தது. கெண்டைகள் மட்டும் இன்றைக்கும் கொழுகொழுவென்று இருக்கின்றன. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டை இல்லாமல் முடியாது என்பதால், அதற்கு முந்தைய வாரம் போரெக்காரர்கள் பஸ் பிடித்து வந்து, குளிரில் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். அந்த ஒரு வாரம் எங்களுக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

கோட்டையின் கதையும் இதே லட்சணம்தான். முப்பது வருடப் போரில் சுவீடன் படை முற்றுகையிட வந்தபோது கோட்டைக் கதவு திறந்தே கிடந்தது. பூட்டைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஏணிகளை அவ்வளவு தூரம் சுமந்து வந்த சுவீடன்காரர்களுக்கு எரிச்சல் தாங்கவில்லை. பீர் வடிக்கும் ஆலையைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டையைக் கொளுத்தியிருந்தால்கூட எங்கள் ஊர்க்காரர்கள் மன்னித்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் வாயால் சொல்லக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும். சொல்வதுதான் என் பிழைப்பு. நான் சிரில் வோட்ருபா, கோட்டையின் வழிகாட்டி. ஊரில் எனக்கு ரேடியோ என்று பெயர். மரியாதையாக வைத்த பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வழிகாட்டி ஆனதே நாடகத்தில் மண்ணைக் கவ்வியதால்தான். எங்கள் ஊரில் பனிக்காலம் வந்தால் கசாப்புக்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரும் மேடையேறுவார்கள். எனக்கு உயரம் இருந்தது, குரல் இருந்தது, ஞாபகம்தான் இல்லை. கூட்டத்தின் முகங்களைப் பார்த்த கணமே வசனம் ஆவியாகிவிடும். மேடைக்கு அடியில் ஒரு பொந்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்தவள் க்வேட்டா. மூன்று நாடகங்களில் என்னுடைய வசனம் மொத்தத்தையும் அவள்தான் பேசினாள், நான் வாயை மட்டும் அசைத்தேன். கடைசியில் எனக்கு ஈட்டி பிடித்து நிற்கும் காவல்காரன் வேடம் மட்டும் கொடுத்தார்கள். அதிலும் ஒரு முறை ஈட்டியைத் தவறவிட்டேன். அது பொந்துக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்டபோது அவள் என்னை முறைத்த முறைப்பில்தான் எங்கள் காதல் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு அவள் சொன்ன காரணம் வேறு:

“உனக்கு ஆயுசு முழுக்கப் பக்கத்துல இருந்து எடுத்துக் குடுக்க ஆள் வேணும். வேற எவ வருவா?”

கோட்டையில் வேலை கிடைத்ததும் எங்களுக்கு வாசல் வீட்டையும் கொடுத்தார்கள். கோட்டை வாசலுக்கு மேலேயே இரண்டு அறை, ஓடு பதித்த ஒரு கணப்பு அடுப்பு. க்வேட்டா டிக்கெட் கொடுப்பாள், தரை கீறாமலிருக்க வருகிறவர்கள் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கம்பளிச் செருப்பு கொடுப்பாள், வறண்ட அகழியில் முயல் வளர்ப்பாள். நான் பேசுவேன்.

பேசுவது என்றால் என் இஷ்டத்துக்கு அல்ல. உரை மாவட்ட அலுவலகத்திலிருந்து தட்டச்சு செய்து வரும். எழுபத்து நான்கில் வந்த உரையில், கோட்டையை ஆண்ட ஹார்ட்டனெக் பிரபுக்கள் எல்லோரும் உழைப்பாளிகளின் ரத்தத்தை உறிஞ்சியவர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய படம் உண்டு. அதில் இருக்கும் கனத்த ஆளைக் குச்சியால் காட்டி, கொழுத்த ஒட்டுண்ணி என்று சொல்ல வேண்டும். நீல அறையில் முஷ்டியை உயர்த்த வேண்டும். மாவட்டத்திலிருந்து ஒரு அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூட்டத்தோடு நிற்பார், ஒரு வார்த்தை குறைந்தாலும் முகம் சுளிப்பார்.

எனக்கு மனப்பாடம் வராது என்று சொன்னேன் அல்லவா. வழி கண்டுபிடித்தவள் க்வேட்டாதான். நின்று படிக்காதே, நடந்து படி என்றாள். பனிக்காலம் முழுக்க ஆளில்லாத கோட்டையில் என்னை அறை அறையாக நடக்க வைத்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு பலகையோடு, ஒரு சன்னலோடு, ஒரு கம்பள மூலையோடு கட்டிவிட்டாள். அதன் பிறகு காலை எடுத்து வைத்தால் போதும், வாய் தானாக ஓடும். ஆயுதக் கூடத்திலிருந்து நூலகம் வரை ஒரு பிசிறு இருக்காது. நான் அதை என் திறமை என்று நம்பினேன். க்வேட்டா அதைப் பால் வண்டிக் குதிரை என்பாள், அதுவும் வீட்டுக்கு வீடு தானே நிற்குமாம்.

எண்பத்தொன்பதில் கம்யூனிஸ்ட் ஆட்சி போனது. அடுத்த சில மாதங்கள் எனக்கு உரையே இல்லை. வந்தவர்களிடம் அறைகளின் நீள அகலத்தைச் சொல்லிச் சமாளித்தேன். தொண்ணூற்றொன்றில் புது உரை வந்தது. அதில் அதே ஹார்ட்டனெக் பிரபுக்கள் கலையின் காவலர்கள், ஏழைகளின் புரவலர்கள். கொழுத்த ஒட்டுண்ணி இப்போது பரந்த மனம் படைத்த பெருந்தகை. படம் அதே படம், குச்சியும் அதே குச்சி. எனக்குக் கூச்சமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. புது உரையில் அடுக்குச் சொற்கள் நிறைய இருந்தன, என் குரலுக்கு அது எடுப்பாக இருக்குமே என்று சந்தோஷப்பட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

ஆனால் கால் பிரச்சினை இருந்தது. பழைய வழியில் நடந்தால் பழைய உரைதான் வரும். க்வேட்டா யோசித்து வழியையே திருப்பிப் போட்டாள். இனிமேல் சிற்றாலயத்தில் ஆரம்பித்து, நூலகம், நீல அறை, சாப்பாட்டுக் கூடம், கடைசியில் ஆயுதக் கூடம். தலைகீழாக நடந்தால் புது உரை வந்தது. வீட்டில் மட்டும் அவ்வப்போது குழம்பும். ஒரு நாள் காலையில் அடுப்பைக் காட்டி, பெருந்தகைகள் குளிர் காய்ந்த இடம் என்றேன். அவள் கரி வாளியை என் கையில் கொடுத்து, பெருந்தகையே கொஞ்சம் அள்ளிக்கொண்டு வரட்டும் என்றாள்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. பறித்த சொத்துகளைத் திருப்பித் தரும் சட்டத்தின்படி கோட்டை ஹார்ட்டனெக் குடும்பத்துக்கே போகிறது. உயிரோடு இருந்த ஒரே வாரிசு லியோபோல்ட் ஹார்ட்டனெக். நாற்பத்தெட்டில் கம்யூனிஸ்டுகள் கோட்டையைப் பறித்ததும் குடும்பத்தோடு ஆஸ்திரியாவுக்குப் போனபோது அவருக்குப் பதினான்கு வயது. அங்கே லிஃப்ட் பழுது பார்த்தே வயதாகிவிட்டவர். அவர் வந்து ஒரு முறை பார்த்துவிட்டு, யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்வாராம்.

எங்களுக்குப் போக இடம் கிடையாது. க்வேட்டாவின் பிறந்த வீட்டைப் பெரிய மகளுக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே அவள், புருஷன், பிள்ளைகள், அவர்களைவிடப் பெரிய நாய். இந்த வயதில் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? போரெக் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராகப் போகலாமே என்று ஊரில் ஒருத்தர் சொன்னார். சாலெசோவ்காரனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. வெளியே சிரித்தேன். உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன், க்வேட்டாவும்தான்.

ஊர்த் தலைவர் ராடிம் ஷெபெக் என் பள்ளித் தோழன். அவனுக்குக் கோட்டைக் கூரையைப் பற்றித்தான் கவலை. பிரபு மனது வைத்தால் கூரை நிற்கும், கூரை நின்றால் ஊர் நிற்கும் என்பது அவன் கணக்கு. பிரபு வரும் நாளுக்கு வாத்து வறுவல், மாவுருண்டை, தீயணைப்புப் படையின் பித்தளை வாத்தியம் என்று எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு என்னிடம் வந்தான்.

“டேய் சிரில், அந்தப் பெருந்தகை சமாச்சாரத்தை நல்லா இழுத்துச் சொல்லு. அவர் கண்ணு கலங்கணும். உன் வீடும் என் கூரையும் உன் வாயிலதான் இருக்கு.”

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் தலை கனக்காது? கண்ணாடி முன்னால் நின்று எந்த இடத்தில் குரலை இறக்குவது, எந்த இடத்தில் நெஞ்சில் கை வைப்பது என்று பழகினேன். க்வேட்டா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் சிற்றாலயத்தின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை, யாரும் உள்ளே இல்லை. ஒரு தேவதையின் கால் மட்டும் போனது. ராடிம் வந்து கதவைப் பூட்டி, குறுக்கே பலகை அடித்துவிட்டுப் போனான். அந்தப் பக்கமிருந்து நூலகத்துக்குப் போக வேறு வாசல் கிடையாது, ஆக, அன்று சிற்றாலயத்தில் ஆரம்பிக்க முடியாது. ஆயுதக் கூடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், அதாவது பழைய வழி. க்வேட்டா அதை உடனே கண்டுகொண்டாள். இன்றைக்கு நிதானமாகப் போ, நான் பின்னாலேயே வருகிறேன், தடுமாறினால் எடுத்துக் கொடுக்கிறேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடம் பேசியவனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன்.

பிரபு வாத்தியக்காரர்கள் வருவதற்கு முன்பே, பூங்கா வழியாகத் தனியாக வந்துவிட்டார். அன்றைக்கு முதல் கூட்டமாகப் போரெக் தோட்டக்கலைச் சங்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று டிக்கெட் கேட்டார். கசங்கிய மழைக்கோட்டு, கையில் துணித் தொப்பி. ஆனால் அந்த மூக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதைத்தானே இத்தனை வருடமாகக் குச்சியால் காட்டிக்கொண்டிருக்கிறேன். க்வேட்டாவுக்கும் புரிந்தது. அதற்காக அவள் சட்டத்தை விடுவாளா? ஷூவைக் காட்டிக் கம்பளிச் செருப்பை நீட்டினாள். சொந்த வீட்டுக்குள் போக அவர் குனிந்து அதைக் கட்டிக்கொண்டார். முதலில் எல்லாரையும் போலச் சுற்றிப் பார்க்கிறேன், நான் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். போரெக் பெண்கள் எல்லோரும் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயுதக் கூடத்தில் சுவீடன்காரர்களின் பூட்டுக் கதையைச் சொன்னேன். அது இரண்டு உரையிலும் ஒன்றுதான். எல்லோரும் சிரித்தார்கள், பிரபுவும் சிரித்தார். என் தலை கோபுரத்துக்கு ஏறியது. சாப்பாட்டுக் கூடத்துக் கதவைத் தள்ளினேன். வலது கால் கம்பள மூலையில் பட்டது. குச்சி தானாக உயர்ந்தது.

“இந்தப் படத்தில் நீங்கள் காணும் கொழுத்த ஒட்டுண்ணி,” என்று கணீரென்று ஆரம்பித்தது என் வாய், “சாலெசோவ் உழைப்பாளிகளின் வியர்வையிலும் ரத்தத்திலும் வளர்ந்தவன்.”

பின்னால் க்வேட்டாவின் குசுகுசுப்பு கேட்டது. பெருந்தகை, சிரில், பெருந்தகை. காதில் விழுந்தது, வாயில் ஏறவில்லை. கால் நடந்துகொண்டிருந்ததே. நின்றிருந்தால் வாயும் நின்றிருக்கும். ஆனால் பயத்தில் நான் வேகமாக நடந்தேன், அது வேகமாகப் பேசியது. இரண்டாவது சன்னலில் பட்டினி கிடந்த நெசவாளர்கள், மூன்றாவது சன்னலில் குளத்தில் மீன் திருடியதற்காகக் கசையடி வாங்கிய விவசாயி. நீல அறைக்குள் நுழைந்தபோது என் கை முஷ்டி பிடிப்பதை நானே பார்த்தேன். அதைத் தடுக்க இன்னொரு கையால் பிடித்தேன். இரண்டு கையும் சேர்ந்து உயர்ந்தன.

“இன்று இந்தச் சுவர்கள் மக்களுடையவை,” என்று முடித்தேன். அதுதான் அந்த உரையின் உச்சம். குரல் அன்றைக்கு அமைந்தது போல் என்றைக்கும் அமைந்ததில்லை.

பிறகு போரெக் பெண்களில் ஒரு வயதான அம்மாள் கை தட்டினார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, நாற்பது வருடப் பழக்கம், அந்த வாக்கியம் முடிந்தால் தட்டித்தானே ஆக வேண்டும். பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்து இறக்கினார். தரை பிளந்து அகழியில் முயல்களோடு போய் விழுந்தால் தேவலை என்று இருந்தது.

பிரபு அந்தப் பெண்களிடம் பூங்காவில் ரோஜா நன்றாகப் பூத்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். அவருடைய செக் மொழி விசித்திரமாக இருந்தது. அறுபதை நெருங்குகிறவரின் வாயில் பதினான்கு வயதுப் பையனின் பேச்சு. போன அன்றைக்கு எப்படிப் பேசினாரோ அதே பேச்சில் நின்றுவிட்டிருந்தார்.

“சும்மா சொல்லக் கூடாது, ஜோராப் பேசுறீங்க. இது எந்த வருஷத்தோடது?”

“எழுபத்து நாலு, பிரபு.”

“இப்ப இருக்குறது?”

“தொண்ணூத்தொண்ணு. அதுல நீங்கள்லாம் நல்லவங்க.”

அவர் சிரித்துவிட்டார். அந்தக் கொழுத்த ஆள் தன் கொள்ளுத் தாத்தா என்றார். ஒட்டுண்ணியா பெருந்தகையா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, பல்வலிக்காரர் என்று மட்டும்தான் தெரியும் என்றார். பிறகு சன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டு கேட்டார்.

“எழுதிக் குடுத்ததெல்லாம் இருக்கட்டும். இந்த வீட்டப் பத்தி நீங்க என்ன சொல்வீங்க? நீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் ஓயாமல் பேசிய வாய். ஒரு அடி முன்னால் வைத்துப் பார்த்தேன், பின்னால் வைத்துப் பார்த்தேன். காலும் கைவிட்டது. பழக்கத்தில் க்வேட்டாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடுகளும் அசையவில்லை. சாவிக்கொத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது எந்த உரையிலும் இல்லாதது. குரலும் என் குரல் மாதிரியே இல்லை.

“எங்களப் போகச் சொல்லிடாதீங்க.”

சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது. அவர் சன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

“இதே வார்த்தைதான்,” என்றார். “இந்த ரூம்லதான். எங்கம்மா பெட்டி கட்டிக்கிட்டிருந்தாங்க. கதவுக்கிட்ட ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். நான் அவர்கிட்டப் போய்ச் சொன்னேன், எங்களப் போகச் சொல்லிடாதீங்கன்னு.”

“அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டவள் க்வேட்டா.

“அவர் கையில ஒரு காகிதம் இருந்துச்சு. அதப் படிச்சார்.” தொப்பியைக் கையில் திருப்பியபடி, “நல்ல குரல் அவருக்கு,” என்றார்.

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், பதிலுக்கு ஏதாவது அசட்டு வேடிக்கை பேசியிருப்பேன். நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பதினைந்து வருடம் எந்த அறையில் முஷ்டியை உயர்த்தினேனோ, அதே அறையில் ஒரு பையன் நின்று கெஞ்சியிருக்கிறான் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு உரையிலும் அவன் இல்லை. என் குரலை நினைத்து வாழ்க்கையில் முதல் முறையாக அருவருப்பாக இருந்தது.

க்வேட்டா நீல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதில் யார் கை வைத்தாலும் கோட்டை அதிரக் கத்துகிறவள் அவள். உட்கார்ந்து அழுதாள். பிரபு அவள் பக்கம் திரும்பி, நீங்க இருங்க, ரெண்டு பேரும் இருங்க என்றார். நாற்காலியைச் சொல்கிறாரா வீட்டைச் சொல்கிறாரா என்று புரியாமல் அவள் எழுந்திருக்கப் போனாள். வீட்டைத்தான் சொல்கிறேன் என்றார். நான் நெஞ்சில் கை வைத்து, பழகி வைத்திருந்த இறங்கிய குரலில் நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

“சிரில், வாய மூடு,” என்றாள் க்வேட்டா.

மூடினேன். அதற்குள் வெளியே ராடிமின் பித்தளை வாத்தியம், யாருமே வராத வாசலைப் பார்த்து முழங்க ஆரம்பித்திருந்தது.

கூரைக்கு இன்னும் வேலை நடக்கிறது. பிரபு கோடையில் வந்து மேல்மாடியில் இரண்டு அறையில் தங்குகிறார். க்வேட்டாவின் முயல்களைப் பற்றி அவருக்கும் அவளுக்கும் ஓயாத வாக்குவாதம். எனக்குப் புது உரை எதுவும் வரவில்லை, கேட்டு எழுதவும் இல்லை. சுவீடன்காரர்களைச் சொல்கிறேன், மீன்களைச் சொல்கிறேன், படத்தில் இருப்பவருக்குப் பல்வலி என்று சொல்கிறேன், போரெக்காரர்கள் இருந்தால் ரயிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை குத்திவிட்டுப் போகிறேன். நீல அறைக்கு வந்தால் மட்டும் நின்றுவிடுவேன். நடந்தால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் இன்றைக்கும் உண்டு. இங்கே ஒரு பையன், எங்களைப் போகச் சொல்லிவிடாதீர்கள் என்றான், கதவருகே நின்றவர் கையில் இருந்த காகிதத்தைப் படித்தார் என்று சொல்வேன். அவர் யார் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள்.

என்னைப் போல ஒருத்தர் என்று சொல்வேன்.